உளவியலில் ஒட்டுறவு ஆய்வு: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

மொழிக்கும் உள்ளத்திற்கும் இடையிலான தொடர்பை ஆராயும் உளவியல் ஆய்வுகளுள் பெரும்பான்மையானவை ஒட்டுறவு ஆய்வுகளே. ஒரு குழந்தையை ஒருமொழியாளராகவும் மற்றொரு குழந்தையை இருமொழியாளராகவும் வளர்க்கும்படி ஆய்வாளர் எவரும் பெற்றோரைப் பணிக்க இயலாது. ஆதலின், உள்ள நிலையை உள்ளவாறே அளந்து, அளந்தவற்றுள் எவை எவற்றோடு சேர்ந்து கூடுகின்றன, குறைகின்றன என்று காண்பதே அவர்களுக்கு இயலும் வழி. இவ்வழியில் பெறப்படும் முடிவுகளை மொழியியலார் மேற்கோளாகக் கையாள்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் தமிழில் தருகின்றனர். கல்வித்துறையினர் அவற்றைக் கொண்டு பள்ளிகளின் போக்கை முடிவு செய்ய முற்படுகின்றனர். ஒட்டுறவைக் காரணமாகப் படித்துவிட்டால் அதன் விளைவைச் சிறுபான்மை மொழிக் குழந்தைகளே சுமக்க நேரிடும். ஆகவே, ஒட்டுறவு ஆய்வு எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப்புறச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒட்டுறவு என்னும் கருத்து

இரு பண்புகள் ஒருங்கே மாறும் அளவை எண்ணால் குறிக்கும் முயற்சி பிரான்சிஸ் கால்டன் 1888-இல் வெளியிட்ட கட்டுரையில் உருப்பெற்றது. கார்ல் பியர்சன் 1896-இல் அதற்கு இன்று வழங்கும் கணித வடிவத்தை அளித்தார். சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இல் தர வரிசைகளைக் கொண்டு ஒட்டுறவு காணும் முறையைத் தந்து, அதனை நுண்ணறிவு ஆய்விற்குப் பயன்படுத்தினார்.

ஒட்டுறவுக் கெழு –1 முதல் +1 வரை அமையும். ஒன்று கூட மற்றொன்றும் கூடுமாயின் நேர் ஒட்டுறவு. ஒன்று கூட மற்றொன்று குறையுமாயின் எதிர் ஒட்டுறவு. நேர்கோட்டு வகையிலான தொடர்பு இல்லையெனில் கெழு சுழியை நெருங்கும்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஆறு மாணவர்களைத் தமிழ் வாசிப்புத் திறனுக்கேற்ப 1, 2, 3, 4, 5, 6 என வரிசைப்படுத்துகிறோம். அதே வரிசையில் நிற்கும் அவர்களது மலையாள வாசிப்புத் தரம் 2, 1, 4, 3, 6, 5 என அமைகிறது. ஒவ்வொருவருக்கும் தர வேறுபாடு 1. வேறுபாட்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6. ஸ்பியர்மன் முறைப்படி இக்கூட்டுத்தொகையை ஆறால் பெருக்கி, 6 × 35 ஆகிய 210-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.83 கிடைக்கும். இஃது உயர்ந்த நேர் ஒட்டுறவு. எனினும், தமிழ் வாசிப்பு மலையாள வாசிப்பை வளர்த்ததா, மலையாள வாசிப்பு தமிழை வளர்த்ததா, இரண்டையும் வேறொன்று வளர்த்ததா என்பதை இவ்வெண் சொல்லவில்லை.

கெழுவின் வர்க்கம் இரு பண்புகளும் பகிர்ந்துகொள்ளும் மாறுபாட்டின் பங்கைக் காட்டும். கெழு 0.40 எனில் அப்பங்கு 0.16, அதாவது நூற்றுக்குப் பதினாறு. எஞ்சிய எண்பத்துநான்கு பங்கு வேறு எவற்றோடோ தொடர்புடையது. ஆய்வுச் செய்திகளைப் படிப்போர் பெரிதும் மறந்துவிடுவது இந்த எண்பத்துநான்கையே.

லீ குரோன்பாக் 1957-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைமையுரையில், உளவியல் என்பது இரு துறைகளாகப் பிரிந்து நிற்கிறது என்றார். ஒன்று, சூழலைத் தாமே மாற்றி விளைவு காணும் சோதனைமுறை. மற்றொன்று, இயல்பாக அமைந்த வேறுபாடுகளை அளக்கும் ஒட்டுறவுமுறை. இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. ஒட்டுறவுமுறை தாழ்ந்தது என்பது பொருளன்று. அதன் கூற்று எல்லை வேறு என்பதே பொருள்.

3. எல்லைப்புறச் சூழல்

1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநில அமைப்பில், அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடும், பழைய கொச்சி அரசின் பகுதியான சித்தூரும், திருவிதாங்கூரைச் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு ஆகியனவும் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல். இப்பகுதிகளில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர்.

ஆயினும் இவ்விரு எல்லைப்புறங்களும் ஒரே தன்மையன அல்ல. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், வேலந்தாவளம் முதலிய ஊர்கள் கொங்குச் சமவெளியின் தொடர்ச்சியாக உழவுத் தொழிலோடு அமைந்தவை. மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு ஆகிய பகுதிகளிலோ தமிழ் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மொழி. அக்குடும்பங்கள் தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்து வருவன. மறையூர், வட்டவடை ஊர்களின் வேளாண் குடியிருப்புகள் இவ்விரண்டினின்றும் வேறுபட்டவை. ‘எல்லைப்புறத் தமிழ்க் குழந்தை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் இவர்களை அடக்கும்போதே, தொழில், வருவாய், பள்ளித் தொலைவு ஆகிய வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன.

சட்ட அடிப்படைகளும் கருதத்தக்கவை. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யுமாறு அரசியலமைப்பின் 350-அ பிரிவு அறிவுறுத்துகிறது. இது 1956-ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குச் சில உரிமைகளை வழங்கியது. 2017-இல் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் நிறைவேறியபோது சிறுபான்மை மொழிப் பள்ளிகளின் நிலை குறித்து விவாதம் எழுந்தது. இத்தகைய விவாதங்களில் ‘ஆய்வுகள் காட்டுகின்றன’ என்னும் தொடர் இரு தரப்பிலும் எளிதில் வந்து விழும். ஆய்வுகள் உண்மையில் எதைக் காட்டின என்று கேட்கும் பொறுப்பு மொழியியலாருடையது.

4. காரணமும் உடனிகழ்ச்சியும்

4.1 மூன்றாம் மாறி

தமிழ் வழிப் பயிலும் மாணவர் சராசரி மதிப்பெண், ஏனையோர் சராசரியினும் குறைவு என ஓர் ஆய்வு காண்பதாகக் கொள்வோம். பயிற்றுமொழியே குறைவிற்குக் காரணம் என்னும் முடிவு உடனே தோன்றும். ஆனால், மலைத்தோட்டப் பகுதியில் தமிழ் வழிப் பள்ளியைத் தேர்வோரும் ஆங்கில வழிப் பள்ளியைத் தேர்வோரும் வருவாயிலும் பெற்றோர் கல்வியிலும் ஒத்தவராக இருத்தல் அரிது. ஒப்பிடப்படுபவை இரு மொழிகள் அல்ல, இரு வாழ்நிலைகள்.

இதனைக் கணக்கால் காட்டலாம். எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. வீட்டில் நூல் வாசிக்கும் நேரத்திற்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு 0.40 என்க. தாயின் கல்வி ஆண்டுகளுக்கும் வாசிப்பு நேரத்திற்கும் 0.60, தாயின் கல்விக்கும் மதிப்பெண்ணுக்கும் 0.60. தாயின் கல்வியை நிலையாக வைத்துப் பகுதி ஒட்டுறவு கண்டால், 0.40-இலிருந்து 0.36-ஐக் கழித்து 0.64-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.06. முதலில் தெளிவாகத் தோன்றிய தொடர்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. நிலையாக வைக்கப்படும் மாறி, காரணத்திற்கும் விளைவிற்கும் இடைநிற்கும் படியாக இருந்தால், அதனைக் கழிப்பது உண்மைத் தொடர்பையே கழிப்பதாகும். பயிற்றுமொழி வகுப்பில் பேசும் தயக்கத்தை நீக்கி, அதன் வழியே மதிப்பெண்ணை உயர்த்துமாயின், தயக்கத்தைக் ‘கட்டுப்படுத்தி’ விட்டுப் பயிற்றுமொழிக்குப் பயனில்லை என்பது பிழை. எதைக் கழிப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. களத்தை அறிந்தவரே சொல்ல இயலும்.

4.2 வேல்சும் மான்ட்ரியலும்

இருமொழியம் பற்றிய ஆய்வு வரலாறே இதற்குச் சான்று. டி. ஜே. சேர் 1923-இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, ஊர்ப்புற இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளினும் நுண்ணறிவுத் தேர்வில் தாழ்ந்தனர் என்று கண்டு, இருமொழியம் மனக்குழப்பம் விளைப்பதாகக் கருதினார். நகர்ப்புறக் குழந்தைகளிடையே அத்தகைய தாழ்வு காணப்படவில்லை என்பது அவ்வாய்விலேயே இருந்தது. இருமொழியமே காரணமாயின் நகரத்திலும் அது தோன்றியிருக்க வேண்டும்.

எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் 1962-இல் மான்ட்ரியல் நகரின் பிரெஞ்சுப் பள்ளிகளில் பத்து வயதுக் குழந்தைகளைச் சமூகப் பொருளாதார நிலையில் ஒப்புமையாக்கி ஆராய்ந்தனர். இம்முறை இருமொழியாளரே முன்னின்றனர். எனினும், இரு மொழியிலும் ஏறத்தாழச் சமதிறன் கொண்டோரையே அவர்கள் இருமொழியாளர் எனத் தேர்ந்தனர். இயல்பாகவே திறன் மிக்க குழந்தைகள் இரண்டாம் மொழியை நன்கு கற்றிருக்கக் கூடுமாதலின், காரணத்தின் திசை இங்கும் ஐயத்திற்கு இடமாயிற்று. நாற்பது ஆண்டுகளுள் ஒட்டுறவின் குறி எதிரிலிருந்து நேருக்கு மாறியது. குழந்தைகளின் மூளை மாறிவிடவில்லை, தேர்ந்தெடுப்பு மாறியது.

4.3 ஒடிசாவின் கோண்டு மக்கள்

இந்தியச் சூழலில் அஜித் குமார் மொகந்தி மேற்கொண்ட ஆய்வுகள் இவ்வகையில் முன்மாதிரியானவை. ஒடிசாவின் பழைய புல்பாணி மாவட்டத்தில் கோண்டு மக்களுள் ஒரு சாரார் குயி மொழியை இழந்து ஒடியாவை மட்டும் பேசினர். மற்றொரு சாரார் குயி, ஒடியா இரண்டையும் பேசினர். பண்பாடும் வாழ்நிலையும் ஒத்திருக்க, மொழிநிலை மட்டும் வேறுபட்ட இயற்கை ஒப்பீடு இது. இருமொழிக் குழந்தைகள் அறிதிறன் பணிகளிலும் மொழியைப் பற்றி எண்ணும் திறனிலும் மேம்பட்டிருந்தனர். அவர் இவற்றைத் தொகுத்தளித்த நூலை மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1994-இல் வெளியிட்டது.

இத்தகைய இயற்கை ஒப்பீட்டிற்கு எல்லைப்புறத்திலும் வாய்ப்பு உண்டு. ஒரே தோட்டத்தில், ஒரே வகைத் தொழில் செய்யும் குடும்பங்களில், ஒரு குழந்தை தமிழ் வழியிலும் மற்றொன்று மலையாள வழியிலும் பயிலுமாயின் ஒப்பீடு பெரிதும் செம்மையுறும். அப்போதும், அக்குடும்பங்கள் ஏன் வேறு வேறு பள்ளியைத் தேர்ந்தன என்னும் வினா எஞ்சி நிற்கும்.

5. தொகுதியும் தனியாளும்

வட்டம், ஊராட்சி ஆகிய தொகுதிகளின் எண்களைக் கொண்டு தனியாளைப் பற்றி முடிவு செய்வது மற்றொரு பிழை. டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் இதனைத் தெளிவுறுத்தினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், அயல்நாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. மாநில அளவில் கெழு –0.53. ஆனால் தனியாட்களைக் கொண்டு கணித்தபோது கெழு +0.12. அயல்நாட்டிற் பிறந்தோரிடையே எழுத்தறியாமை சற்று மிகுந்தே இருந்தது. அவர்கள் எழுத்தறிவு மிக்க மாநிலங்களில் குடியேறியிருந்தமையால் தொகுதிக் கணக்கு தலைகீழாயிற்று.

தேவிகுளம் வட்டத்தின் கல்வி நிலையையும் அங்குள்ள தமிழர் விகிதத்தையும் அருகருகே வைத்துத் தமிழ்க் குழந்தைகளைப் பற்றிப் பேசுவோர் இந்த எடுத்துக்காட்டை மறக்கலாகாது. மலைப்பாதையின் தொலைவு அவ்வட்டத்திலுள்ள எம்மொழிக் குழந்தைக்கும் பொதுவானது.

வீச்சுக் குறுக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பத்தாம் வகுப்பு மாணவரை மட்டும் அளந்தால், இடையில் நின்றவர் கணக்கில் வாரார். எஞ்சியோரிடையே வேறுபாடு குறுகுவதால் ஒட்டுறவும் பெரும்பாலும் குறைந்து தோன்றும். மேலும், தொடர்பு நேர்கோடாக அமையாதபோது கெழு அதனை முழுமையாகக் காட்டாது. இருமொழித் திறன் ஒரு குறிப்பிட்ட நிலையைக் கடந்த பின்னரே பயன் தருகிறது என்று ஜிம் கம்மின்ஸ் 1976-இல் முன்வைத்த கருதுகோள் உண்மையாயின், அந்நிலைக்குக் கீழும் மேலும் உள்ளோரை ஒன்றாகக் கலந்து பெறும் கெழு இரு சாராரையும் தவறாகவே விவரிக்கும்.

6. அளவுகருவியில் மொழிபெயர்ப்பின் பங்கு

மொழிபெயர்ப்பாளர் நேரடியாகத் தொடர்புறும் இடம் இது. அளக்கும் கருவி பிழைபட்டால் ஒட்டுறவும் பிழைபடும். பினே தேர்வைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப வி. வி. காமத் தழுவியமைத்த காலந்தொட்டு இந்திய உளவியலில் இச்சிக்கல் உணரப்பட்டுள்ளது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் மீள்மொழிபெயர்ப்பு முறையை வகுத்துரைத்தார்: ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் மூலமொழிக்குப் பெயர்க்க, இரண்டையும் ஒப்பிடுதல்.

எல்லைப்புறத்தில் இம்முறையும் போதாது. தமிழும் மலையாளமும் ஒரே சொல்லை வேறு பொருளில் வழங்கும் இடங்கள் பல. ‘அவசரம்’ என்பது தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ‘வெள்ளம்’ தமிழில் நீர்ப்பெருக்கு, மலையாளத்தில் நீர். ‘சம்சாரம்’ தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் உரையாடல். சென்னையில் தரப்படுத்தப்பெற்ற சொல்வளத் தேர்வில் ‘அவசரம்’ என்பதற்கு நேரான சொல்லைக் கேட்டால், கொழிஞ்சாம்பாறைக் குழந்தை ‘வாய்ப்பு’ எனத் தேர்ந்து ஒரு மதிப்பெண்ணை இழக்கலாம். அக்குழந்தை ஒரு சொல்லை அறியாததன்று. அச்சொல்லின் இரு பொருள்களையும் அறிந்திருக்கவும் கூடும். இத்தகைய வினாக்கள் பத்து இருப்பின், இருமொழியத்திற்கும் தமிழ்ச் சொல்வளத்திற்கும் எதிர் ஒட்டுறவு உண்டு என்னும் முடிவு கருவியிலிருந்தே பிறந்துவிடும்.

கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் வினாத்தாள்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் வழங்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பில் வினா நீண்டாலோ, பாடநூலில் இல்லாத கலைச்சொல் புகுந்தாலோ, மதிப்பெண் அளப்பது மாணவரின் அறிவை மட்டுமன்று, மொழிபெயர்ப்பின் தரத்தையும்தான். மதிப்பெண்ணைப் பயிற்றுமொழியோடு ஒட்டுறவு காணும் ஆய்வாளர் வினாத்தாள்களை முதலில் மொழியியல் நோக்கில் ஒப்பிட்டுக் காண்பது இன்றியமையாதது.

7. ஐதராபாத் ஆய்வு: ஒரு படிப்பினை

சுவர்ணா அல்லாடியும் அவருடன் பணியாற்றியோரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்திற்கு வந்த 648 மறதிநோயாளரைப் பற்றியது. அவர்களுள் 391 பேர் இருமொழியாளர் அல்லது பன்மொழியாளர். இவர்களுக்கு நோய் தொடங்கிய வயது, ஒருமொழியாளரினும் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தியிருந்தது. எழுத்தறியாதோரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால், கல்வியே உண்மைக் காரணம் என்னும் மறுப்பு வலுவிழந்தது. கனடாவில் நிகழ்ந்த முந்தைய ஆய்வில் இருமொழியாளர் பலர் குடியேறியோராக இருந்தனர். ஐதராபாத்தில் அச்சிக்கல் இல்லை. ஓர் ஒட்டுறவு ஆய்வு மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கி எவ்வாறு வலுப்பெறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும் இவர்கள் மருத்துவமனைக்கு வந்தோர் மட்டுமே. நோயற்றோரைத் தொடக்கத்திலிருந்தே பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளை நஹீத் முகாதம் முதலியோர் 2017-இல் தொகுத்து ஆராய்ந்தபோது, இருமொழியம் நோயைத் தடுக்கிறது என்பதற்கு அவற்றில் ஆதரவு கிட்டவில்லை. ‘இரு மொழி பேசினால் மறதிநோய் தள்ளிப்போகும்’ என்று தமிழில் தலைப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண வேண்டும்.

8. தமிழில் சொல்லும் முறை

ஆங்கிலத்தின் ‘காரலேஷன்’ என்பதற்கு ஒட்டுறவு, உடன்தொடர்பு, இணைபு ஆகிய சொற்கள் வழங்குகின்றன. எதைக் கொண்டாலும் ஒரே நூலில் ஒன்றையே கொள்ளுதல் வேண்டும். கலைச்சொல்லினும் இடர் தருவது வாக்கிய அமைப்பாகும்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களை நன்னூல் கூறுகிறது. ஆல் உருபு கருவியையும் கருத்தாவையும் உணர்த்த, ஓடு உருபு உடனிகழ்ச்சிக்கு உரியதாய் வழங்குகிறது. ஒட்டுறவு ஆய்வு உரிமையோடு கூறக்கூடியது உடனிகழ்ச்சியை மட்டுமே. ‘இருமொழியத்தோடு அறிதிறன் சேர்ந்து உயர்கிறது’ என்பது ஆய்வு கண்டது. ‘இருமொழியத்தால் அறிதிறன் உயர்கிறது’ என்பது ஆய்வு காணாதது. ஓர் உருபின் மாற்றத்தில் ஒட்டுறவு காரணமாகிவிடுகிறது. ‘பேசினால்’ போன்ற நிபந்தனை எச்சமும் ஆல் என்றே முடிவதால் கேட்போர் செவியில் காரணப் பொருளே நிற்கும். ‘பேசுவோரிடையே மிகுந்து காணப்படுகிறது’ என எழுதுவது பாதுகாப்பானது.

வேறு சில சொற்களிலும் கருத்துடைமை தேவை. ‘பிரெடிக்ட்’ என்னும் வினை புள்ளியியலில் காலத்தால் முந்தியதைக் குறிப்பதன்று. ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணை மதிப்பிடுதலையே குறிக்கும். ‘தீர்மானிக்கிறது’ என்று அதனைப் பெயர்த்தல் தவறு. ‘சிக்னிபிகன்ட்’ என்பதை ‘முக்கியமான’ என்று பெயர்ப்பதும் பொருந்தாது. தற்செயலால் மட்டும் இவ்வளவு வேறுபாடு எழுவது அரிது என்பதே அதன் பொருள். மிகப் பெரிய மாதிரியில், நடைமுறையில் பொருட்படுத்தத்தகாத சிறு கெழுவும் அத்தகுதியைப் பெற்றுவிடும். பாடநூல்களில் வழங்கும் ‘மிகைகாண்’ என்னும் சொல் இக்குழப்பத்தைத் தவிர்க்க உதவும். அவ்வாறே ‘எஃபெக்ட் சைஸ்’ என்பதை ‘விளைவளவு’ என்றால் காரணம் நிறுவப்பட்டதாகத் தோன்றும்; ஒட்டுறவு ஆய்வில் ‘தொடர்பளவு’ எனல் தகும்.

9. முடிவுரை

ஒட்டுறவு ஆய்வைக் கையாளும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்வது பயன் தரும். அளக்கப்பட்டோர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர்? அளவுகருவி இரு மொழியிலும் ஒரே பொருளை அளந்ததா? காரணத்தின் திசை எதிராகவும் இருக்கக் கூடுமா? இரண்டையும் இயக்கும் மூன்றாவது மாறி உண்டா? எண் தொகுதியைப் பற்றியதா, தனியாளைப் பற்றியதா?

இவ்வினாக்கள் தாய்மொழிக் கல்விக்கு எதிரான முடிவுகளுக்கு மட்டும் உரியன அல்ல. நாம் விரும்பும் முடிவுகளுக்கும் உரியன. இருமொழியம் நன்மை பயக்கும் என்னும் ஆய்வை ஐயமின்றி ஏற்று, தமிழ் வழிக் கல்வி மதிப்பெண்ணைக் குறைக்கும் என்னும் ஆய்வை மட்டும் ஐயுறுதல் அறிவியல் நெறியாகாது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வாய்ப்பை அரசியலமைப்பு எந்த ஒட்டுறவுக் கெழுவையும் கொண்டு அளிக்கவில்லை. ஆதலின் ஒரு கெழுவின் பேரால் அதனைக் குறைத்தலும் முறையன்று. மூணாற்றின் லயத்திலிருந்தோ கோவிந்தாபுரத்தின் வயலோரத்திலிருந்தோ பள்ளிக்கு வரும் குழந்தையைப் பற்றி நாம் எழுதும் வாக்கியத்தில் ஓடு வர வேண்டிய இடத்தில் ஆல் வந்துவிடாமல் காப்பது நம் கடமை.